தாவரச் சாறும் தடுப்பு வளையமும்: ஆய்வக மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கிற பிள்ளைகள் ப்ராஜெக்ட் காலம் வந்தால் ஆளுக்கொரு செடியோடு வந்து நிற்பார்கள். ஒருவர் கையில் குப்பைமேனி, இன்னொருவர் கையில் ஆவாரை, நொச்சி, துத்தி. இது பாக்டீரியாவைக் கொல்லுமா என்று பார்க்க வேண்டும் என்பார்கள். அந்த மேசையில் அவர்களோடு பல வருடம் நின்றிருக்கிறேன். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு என் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். லேபில் எக்ஸ்ட்ராக்ட் என்று சொல்வதைச் சாறு என்றே எழுதியிருக்கிறேன். இலையை இடித்துப் பிழிந்ததை நினைக்க வேண்டாம். காய்ந்த பொடியைக் கரைப்பானில் ஊறவைத்து, வடிகட்டி, கரைப்பானை ஆவியாக்கிய பிறகு மிஞ்சும் பிசுபிசுப்பான பொருளைத்தான் சொல்கிறேன்.

சோதனையில் உண்மையில் என்ன நடக்கிறது?

மியூல்லர்–ஹின்டன் அகார் என்ற ஜெல்லி போன்ற வளர்ப்பு ஊடகம் ஊற்றிய பிளேட்டில் பாக்டீரியாவை ஸ்வாபால் ஒரே சீராகத் தேய்க்கிறோம். கார்க் போரரால் குழி போட்டு அதில் சாற்றை விடுகிறோம், அல்லது சாறு ஏற்றிய 6 மி.மீ. காகித வட்டை அகார் மேல் வைக்கிறோம். பிளேட் 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் இன்குபேட்டரில் இருக்கும். சாறு அகாருக்குள் பரவிப் பாக்டீரியா வளர்வதைத் தடுத்தால், குழியைச் சுற்றி ஒரு தெளிந்த வட்டம் தெரியும். அதுதான் தடுப்பு வளையம், பிள்ளைகள் வாயில் 'ஜோன்'. காகித வட்டு முறையை 1966-இல் பாவரும் கிர்பியும் அவர்களோடு சேர்ந்தவர்களும் ஒழுங்குபடுத்தினார்கள். அது ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்காக வகுத்த முறை என்பதை நினைவில் வையுங்கள். கீழே வரும் பல சிக்கல்கள் அதை அப்படியே செடிகளுக்கு எடுத்துக்கொண்டதால் வருபவை.

செடியை எங்கே வாங்குவது? நாட்டு மருந்துக்கடையில் வாங்கலாமா?

கூடுமானவரை வாங்காதீர்கள். அசோகப் பட்டை கேட்டால் நெட்டிலிங்கப் பட்டை கிடைப்பது ஊரறிந்த விஷயம். நெட்டிலிங்கத்தையே பலர் அசோக மரம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் இரண்டும் வெவ்வேறு குடும்பத்து மரங்கள். கரிசலாங்கண்ணியிலும் இதே கதை. வெள்ளைப் பூ பூப்பது எக்லிப்டா, மஞ்சள் பூ பூப்பது வெடேலியா. பெயர் ஒன்று, செடி இரண்டு. 'கரிசலாங்கண்ணி இலைச் சாறு' என்று மட்டும் எழுதி வைத்தால், அடுத்த வருடம் அதைத் திரும்பச் செய்ய நினைப்பவர் எந்தச் செடியைப் பறிப்பார்?

பூவோ காயோ இருக்கும்போது ஒரு கிளையை முழுதாகப் பறித்து, அழுத்தி உலர்த்தி, ஹெர்பேரியத் தாளில் (உலர்தாவர மாதிரித் தாள்) ஒட்டுங்கள். பறித்த இடம், தேதி, பறித்தவர் பெயர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கோயம்புத்தூரில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென் மண்டல அலுவலகம் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் காட்டி, சரியான தாவரவியல் பெயரை உறுதி செய்து, மாதிரி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வு முழுவதும் இந்த ஒரு தாளின் மேல்தான் நிற்கிறது. பிள்ளைகள் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடுவதும் இதையேதான். அதற்குள் செடி காய்ந்துபோயிருக்கும், பூவும் இருக்காது.

வெயிலில் காயவைக்கலாமா?

வேண்டாம். நிழலில், காற்றோட்டமாக, மெல்லியதாகப் பரப்பி வையுங்கள். மழைக்காலத்தில் நடுவில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்ததைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பூஞ்சையே பாக்டீரியாவைத் தடுக்கும் பொருளைச் சுரக்கக்கூடும், அப்புறம் வளையம் செடியுடையதா பூஞ்சையுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. மிக்ஸியில் அரைக்கும்போது விட்டு விட்டு அரையுங்கள், சூடேறக் கூடாது.

எந்தக் கரைப்பான் நல்லது? தண்ணீரில் எடுத்தால் ஏன் ஒன்றும் வருவதில்லை?

பாக்டீரியாவைத் தடுக்கும் தாவரப் பொருள்களில் பல தண்ணீரில் எளிதில் கரையாதவை. தண்ணீரில் இறங்குவது பெரும்பாலும் சர்க்கரை, புரதம், உப்பு, டானின் போன்றவை. எத்தனால், மெத்தனால், அசிட்டோன் ஆகியவை நடுத்தரமான பொருள்களையும் இழுத்துக்கொண்டு வரும். ஹெக்சேன் எண்ணெய், மெழுகு, பச்சையத்தில் ஒரு பங்கு என்று கொழுப்புத்தன்மை உள்ளவற்றை எடுக்கும். தென்னாப்பிரிக்க ஆய்வாளர் எலோஃப் 1998-இல் பல கரைப்பான்களை ஒப்பிட்டு, முதல் கட்டத் தேடலுக்கு அசிட்டோன் ஏற்றது என்றார். பலவகைப் பொருள்களைக் கரைக்கும், சீக்கிரம் ஆவியாகும், பாக்டீரியாவுக்கு அதிகத் தீங்கு செய்யாது என்பவை அவர் கணக்கில் இருந்தன. எங்கள் பக்கத்தில் மெத்தனால்தான் பழக்கம். அது விஷம், கையுறையோடு, ஆவியை வெளியேற்றும் ஃபியூம் ஹுட்டுக்குள் வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

பாட்டி கஷாயமாகக் கொடுத்த செடி என்றால் தண்ணீர்ச் சாற்றையும் கட்டாயம் எடுங்கள். ஊரில் அது எந்த வடிவத்தில் பயன்பட்டதோ அதைச் சோதிக்காமல், மெத்தனால் சாற்றின் முடிவை வைத்துக்கொண்டு 'பாரம்பரியப் பயன்பாடு உறுதியானது' என்று எழுதுவது சரியில்லை.

கரைப்பானைக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பப் பொடியின் மேல் விழச்செய்யும் சாக்ஸ்லெட் கருவியைப் போடுவதா, அறை வெப்பத்தில் ஊறவைப்பதா என்பதும் சாதாரண முடிவு அல்ல. சாக்ஸ்லெட்டில் பொடியின் மேல் விழும் கரைப்பான் ஓரளவு குளிர்ந்திருக்கும், ஆனால் கீழே குடுவையில் சேரும் சாறு மணிக்கணக்கில் கொதித்துக்கொண்டே இருக்கும். பூண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லிசின் என்ற பொருளை 1944-இல் கவலிட்டோவும் பெய்லியும் பிரித்தெடுத்தார்கள். முழுப் பூண்டில் அது கிடையாது. பல்லை நசுக்கும்போது ஒரு நொதி வேலை செய்து அதை உண்டாக்குகிறது. நசுக்காமல் முதலிலேயே வேகவைத்தால் நொதி கெட்டுவிடும், அல்லிசின் உருவாகவே உருவாகாது. சீனாவின் து யூயூ 2015-இல் நோபல் பரிசு பெற்ற ஆர்ட்டெமிசினின் மலேரியாவுக்கான மருந்து, பாக்டீரியாவுக்கானது அல்ல. ஆனாலும் அதன் பாடம் நமக்கும் பொருந்தும். கொதிக்கவைத்து எடுத்த சாறு ஏமாற்றியது. பழைய மருத்துவ ஏடு ஒன்றில் செடியைக் கொதிக்கவைக்காமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்ததைப் பார்த்துத்தான் அவர் குறைந்த வெப்பத்தில் ஈதரால் எடுக்கப் போனார். 1971-இல் அந்தச் சாறு வேலை செய்தது.

எந்தப் பாக்டீரியாவை எடுப்பது?

ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஒன்று, ஈ.கோலை ஒன்று கட்டாயம். முதலாவது கிராம் பாசிட்டிவ், அடுத்தது கிராம் நெகட்டிவ்; செல்லின் வெளிச்சுவர் அமைப்பால் வேறுபடும் இரு பெரும் பிரிவுகள் இவை. அடையாளம் உறுதியான வகைகளை வாங்குங்கள். சண்டிகரில் உள்ள எம்டிசிசி என்ற நுண்ணுயிர்ச் சேகரிப்பில் கிடைக்கும். அமெரிக்காவின் ஏடிசிசி சேகரிப்பு எண்களில் ஈ.கோலைக்கு 25922, காகித வட்டு முறைக்கான ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு 25923, குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு (பாக்டீரியா வளர்வதைத் தடுக்கப் போதுமான மிகக் குறைந்த செறிவு) பார்க்க 29213 என்று வழக்கம். 'மருத்துவமனையிலிருந்து ஒரு கல்ச்சர் வாங்கினேன்' என்று அடையாளம் தெரியாத ஒன்றைக் கொண்டுவந்தால், அது எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்று தெரியாமலே வேலை நடக்கும். உயிரியல் பாதுகாப்பு அனுமதி இல்லாமல் நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியைக் கையாளவே கூடாது.

பருவுக்கு மூலிகை தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பருவோடு தொடர்புள்ள க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் காற்றில்லாத சூழலில் வளர்வது. சாதாரண இன்குபேட்டரில் ஓர் இரவு வைத்து அதைச் சோதிக்க முடியாது.

ஈ.கோலை பிளேட்டில் மட்டும் ஜோன் வரவே இல்லை. தவறு எங்கே?

பெரும்பாலும் தவறு எங்கும் இல்லை. கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவுக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு. கொழுப்பில் கரையும் பொருள்களை அது உள்ளே விடாது. தப்பி நுழைவதையும் உள்ளிருக்கும் பம்புகள் வெளியே தள்ளிவிடும். தாவரச் சாறுகளில் ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு வளையம் வந்து ஈ.கோலைக்கு வராமல் போவது எதிர்பார்க்கக்கூடிய முடிவு. இரண்டுக்கும் ஒரே அளவில் பெரிய வளையம் வந்தால்தான் நான் நின்று யோசிப்பேன். கரைப்பான் மிச்சமா, அமிலமா என்று முதலில் அதைப் பார்க்கச் சொல்வேன்.

எனக்கு 18 மி.மீ. ஜோன் வந்திருக்கிறது. ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு 22. கிட்டத்தட்ட மருந்துக்குச் சமம் என்று எழுதலாமா?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். எழுதக் கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் செறிவுள்ள சாற்றை 50 மைக்ரோலிட்டர் குழியில் விட்டிருக்கிறீர்கள். அதாவது 5 மில்லிகிராம். ஜென்டாமைசின் வட்டில் இருப்பது 10 மைக்ரோகிராம். 500 மடங்கு அதிகமாகப் போட்டுவிட்டு வளையத்தின் அகலத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம்.

அதோடு போகவில்லை. வளையத்தின் அகலம் கொல்லும் திறனை மட்டும் காட்டுவது கிடையாது. அந்தப் பொருள் ஈரமான அகாருக்குள் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதும் அதில் கலந்திருக்கிறது. சிறிய, தண்ணீரில் கரையும் மூலக்கூறு வெகுதூரம் போகும். பெரிய டானினும் எண்ணெய்த்தன்மை உள்ள டெர்பீனும் குழியின் ஓரத்திலேயே நின்றுவிடும். ஆகவே சிறிய வளையம் தந்த சாறு உண்மையில் வலிமையானதாக இருக்கலாம். இரண்டு வெவ்வேறு செடிகளின் வளையங்களை அளந்து 'இது அதைவிட மேல்' என்று சொல்லவும் இடமில்லை. அகாரின் கனமும் முடிவை மாற்றும். 4 மி.மீ. கனம் வேண்டும், 90 மி.மீ. பிளேட்டுக்கு ஏறக்குறைய 25 மி.லி. சிக்கனம் பார்த்து 15 மி.லி. ஊற்றினால் வளையம் பெரிதாகத் தெரியும்.

வளையம் வந்ததா இல்லையா என்பதை முதல் வடிகட்டலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வலிமை என்று கேட்டால், அதற்குக் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவைத்தான் பார்க்க வேண்டும். எம்ஐசி என்பார்கள்.

எம்ஐசி எப்படிப் பார்ப்பது? எங்களிடம் பெரிய கருவி எதுவும் இல்லை.

96 குழித் தட்டும் நல்ல மைக்ரோபிப்பெட்டும் போதும். 100 மி.கி./மி.லி. செறிவில் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த சாற்றைப் பிராத்தில் (திரவ வளர்ப்பு ஊடகம்) 4 மி.கி./மி.லி. ஆக்குங்கள். எல்லாக் குழிகளிலும் 100 மைக்ரோலிட்டர் பிராத் விட்டு, முதல் குழியில் இந்தச் சாறு 100 சேர்த்துக் கலக்கி, அதிலிருந்து 100 எடுத்து அடுத்ததில் விட்டு, இப்படியே பாதி பாதியாகக் கொண்டுபோங்கள். கடைசிக் குழியில் எடுத்த 100-ஐக் கொட்டிவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் பாக்டீரியா 100. முதல் குழியில் சாறு 1 மி.கி./மி.லி. என்று நிற்கும், டிஎம்எஸ்ஓ 1 சதவீதம். அதற்கு மேல் டிஎம்எஸ்ஓ போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

பாக்டீரியா எண்ணிக்கையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 0.5 மெக்ஃபார்லாண்ட் என்ற திட்டக் கலங்கல் அளவு என்பது மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 15 கோடி. அதை 150 மடங்கு நீர்த்தால் 10 லட்சம். குழியில் சரிபாதியாகி 5 லட்சமாக நிற்கும், அதுதான் வேண்டிய அளவு. கண்ணால் பார்த்து 'கொஞ்சம் கலங்கலாக இருக்கிறது' என்று முடிவு செய்யாதீர்கள். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இருந்தால் 625 நானோமீட்டரில் 0.08 முதல் 0.13 வரை இருக்கட்டும். சரிசெய்த பிறகு 15 நிமிடத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள், தேநீர் குடித்துவிட்டு வந்தால் எண்ணிக்கை மாறியிருக்கும்.

பச்சையம் உள்ள சாறு கலங்கலாகவே இருப்பதால், வளர்ச்சியைக் கண்ணால் பார்ப்பது கடினம். ரெசாசூரின் சாயம் சேர்த்தால் உயிருள்ள பாக்டீரியா அதை நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக்கும். ஒரு எச்சரிக்கை உண்டு. நெல்லிக்காய், மாதுளைத் தோல் போன்ற பாலிஃபீனால் மிகுந்த சாறுகள் பாக்டீரியாவே இல்லாமலும் சாயத்தின் நிறத்தை மாற்றக்கூடும். எனவே சாறும் சாயமும் மட்டும் உள்ள குழி ஒன்று தட்டில் இருந்தே ஆக வேண்டும்.

எம்ஐசி எவ்வளவு வந்தால் நல்ல முடிவு?

கச்சாச் சாறு 100 மைக்ரோகிராம்/மி.லி. அல்லது அதற்குக் கீழே தடுத்தால் தொடர்ந்து பார்க்கத் தகுந்தது என்று இத்துறையில் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். தனியாகப் பிரித்த பொருள் என்றால் 10-க்குக் கீழே எதிர்பார்ப்பார்கள். 1 மில்லிகிராமுக்கு மேலே போய்விட்டால், அதை 'சிறந்த செயல்திறன்' என்று எழுத எனக்கு மனம் வராது. எலோஃப் இன்னொரு வழியும் சொன்னார். ஒரு கிராம் பொடியிலிருந்து கிடைத்த சாற்றை மில்லிகிராமில் எடுத்து, எம்ஐசியால் வகுக்க வேண்டும். அந்த ஒரு கிராமில் உள்ள சாற்றை எத்தனை மில்லிலிட்டர் வரை நீர்த்தாலும் பாக்டீரியாவைத் தடுக்கும் என்று அது காட்டும். 100 மில்லிகிராம் சாறு, எம்ஐசி 0.5 மி.கி./மி.லி. என்றால் 200 மி.லி. எந்தச் செடியைத் தேர்ந்தெடுத்து மேலே போகலாம் என்று முடிவு செய்ய இது உதவும்.

கட்டுப்பாட்டுச் சோதனை எல்லாவற்றுக்கும் தேவையா? பிளேட் வீணாகிறதே.

தேவை. ஒரு வருடம் நான் கூட இருந்து செய்த வேலையில், ஓர் இலையின் சாறு எல்லாப் பாக்டீரியாவுக்கும் அழகான வளையம் கொடுத்தது. எல்லாருக்கும் சந்தோஷம். கரைப்பான் மட்டும் ஏற்றிய வட்டுகளை அன்று வைக்காமல் விட்டிருந்தோம். மறுவாரம் வைத்தபோது அவற்றைச் சுற்றியும் வளையம். மெத்தனால் முழுதாக ஆவியாகாமலே வட்டுகளை அகாரில் வைத்திருந்தோம். அந்த வேலையைச் செய்த மாணவி அழுதுவிட்டாள். மூன்று வார வேலையை முதலிலிருந்து செய்தோம்.

கரைப்பான் மட்டும் ஒன்று, ஆன்டிபயாட்டிக் ஒன்று, எதுவும் சேர்க்காத பாக்டீரியா ஒன்று, பாக்டீரியா இல்லாத பிராத் ஒன்று. ஆன்டிபயாட்டிக் வட்டின் வேலை சாற்றோடு போட்டி போடுவது அல்ல, சோதனை சரியாக நடக்கிறதா என்று காட்டுவது. ஈ.கோலை 25922-க்கு 10 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் 19 முதல் 26 மி.மீ. வரை தர வேண்டும். அதற்கு வெளியே போனால் அன்றைய பிளேட் எதையும் நம்ப வேண்டாம்.

புளி, எலுமிச்சை, கொடம்புளி போன்றவற்றில் அமிலமே பாக்டீரியாவைத் தடுக்கும். பிஎச் 7-க்குக் கொண்டுவந்து மறுபடி வைத்துப் பாருங்கள். வளையம் மறைந்துவிட்டால் அது அமிலத்தின் வேலை.

சுத்திகரிக்கச் சுத்திகரிக்கத் திறன் குறைகிறது. ஏன்?

இதில் மனம் உடைந்துபோனவர்கள் பலர். எங்கோ கொட்டிவிட்டோம் என்று நினைப்பார்கள். சில நேரம் அப்படித்தான் இருக்கும். ஆனால் 2000-இல் ஸ்டெர்மிட்ஸும் கிம் லூயிஸும் அவர்களோடு இருந்தவர்களும் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். பெர்பெரின் என்ற மஞ்சள் நிறப் பொருள் நம் மரமஞ்சளிலும் இருக்கிறது. அது தனியாக ஸ்டெஃபைலோகாக்கஸை அதிகம் ஒன்றும் செய்வதில்லை, ஏனென்றால் நார்ஏ என்ற பம்பு அதை வெளியே தள்ளிவிடுகிறது. அவர்கள் ஆராய்ந்த அமெரிக்க பெர்பெரிஸ் செடிகள் கூடவே இன்னொரு பொருளையும் உண்டாக்குகின்றன. அந்தப் பொருள் தனியாகப் பாக்டீரியாவைக் கொல்லாது. பம்பை மட்டும் அடைத்துவிடும். இரண்டும் சேர்ந்தால் பெர்பெரின் உள்ளே தங்கி வேலை செய்கிறது. இவற்றைத் தனித்தனிப் பாட்டிலில் பிரித்துச் சோதித்தால் இரண்டுமே சுமாராகத்தான் தெரியும்.

அதனால் சாற்றிலிருந்து பிரித்த பகுதிகளை, அதாவது பின்னங்களைத் தூக்கிப் போடுவதற்கு முன், இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரு முறை வைத்துப் பாருங்கள்.

என் சாறு பாக்டீரியாவைக் கொல்கிறது. களிம்பாக்கி விற்கலாமா, வீட்டில் கொடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். பாக்டீரியாவைக் கொல்வது மனித செல்லையும் கொல்லலாம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி பாதிக்கப்படும். குப்பைமேனியைத் தோலுக்கு அரைத்துப் போடுவது நம் வழக்கம். அதையே உணவாக உட்கொண்ட, ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்ததை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குறைந்தது செல் வளர்ப்பில் நச்சுத்தன்மை பார்த்து, எந்தச் செறிவில் பாக்டீரியா அடங்குகிறது, எந்தச் செறிவில் செல் சாகிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் விலங்கு, மனிதர் என்று நீண்ட பாதை இருக்கிறது.

சாற்றை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாமா?

உயிரியல் பல்வகைமைச் சட்டம், 2002 இருக்கிறது. சென்னையில் உள்ள தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்தின் விதிகளைப் படித்து, வழிகாட்டியிடம் கேட்ட பிறகே பார்சல் கட்டுங்கள்.

எல்லாம் செய்தும் ஒரு வளையம்கூட வரவில்லை. ப்ராஜெக்டில் என்ன எழுதுவது?

வரவில்லை என்று எழுதுங்கள். செடியின் மாதிரி எண், கரைப்பான், எத்தனை கிராமிலிருந்து எத்தனை மில்லிகிராம் சாறு கிடைத்தது, அதிகபட்சமாக எந்தச் செறிவு வரை போனீர்கள், கட்டுப்பாடுகள் சரியாக இருந்தனவா, எத்தனை வெவ்வேறு நாள்களில் திரும்பச் செய்தீர்கள் என்று எல்லாவற்றையும் போடுங்கள். மூன்று நாள், நாளுக்கு மூன்று பிளேட் செய்திருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. காய்ச்சலுக்கோ வீக்கத்துக்கோ கொடுக்கிற மூலிகை பாக்டீரியாவைக் கொன்றுதான் வேலை செய்ய வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. அது உடலின் எதிர்ப்பாற்றல் வழியாகவோ வேறு விதமாகவோ பயன்படலாம், உங்கள் பிளேட் அதைக் கேட்கவே இல்லை. தேர்வாளர் 'ரிசல்ட் இல்லையே' என்று கேட்டால் ஜென்டாமைசின் பிளேட்டின் படத்தைக் காட்டுங்கள், அதில் வளையம் 19-க்கும் 26-க்கும் இடையே நிற்கட்டும்.